இரண்டாவது பற்றரி: கரியரில் கட்டுவது சுலபம், வயரில் சேர்ப்பதுதான் வேலை

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்கு ஏறத்தாழ 40 கிலோமீற்றர். மேடு பள்ளம் இல்லாத கரையோர வீதி. 48 வோல்ற், 13 அம்பியர்-மணி என்று எழுதிய பற்றரி பூட்டிய மின்சார சைக்கிள் ஒருநாள் கல்முனை போய்ச் சேர்ந்தும் சாஜ் மிச்சம் வைத்திருக்கும். இன்னொரு நாள் களுவாஞ்சிக்குடிப் பக்கத்திலேயே படுத்துவிடும். பற்றரி அதே பற்றரிதான்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் காரணம் தெரியும். 48ஐ 13ஆல் பெருக்கினால் 624 வொற்-மணி; பற்றரிக்குள் இருக்கும் மொத்தச் சக்தி இது. கடைசிச் சொட்டு வரை உறிஞ்சக்கூடாது என்பதால் 530 அளவில்தான் கைக்கு வரும். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 110 கிலோ, பெடல் மிதிக்காமல் மோட்டரிலேயே ஓட்டம் என்று வைத்துக்கொள்வோம். காற்றில்லாத நாளில் மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்தில் போனால் ஒரு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 9 வொற்-மணி செலவாகும். 35இல் போனால் அது 15 ஆகும். காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால் வரும் செலவு இது. 25இலேயே போனாலும் எதிரே 15 கிலோமீற்றர் வேகத்தில் காற்று அடித்தால் 18ஐத் தொட்டுவிடும். காற்றில்லாத நாளில் 25இல் போய் 59 கிலோமீற்றர் ஓடிய பற்றரி, எதிர்காற்று நாளில் 29இல் நிற்கும். தென்மேற்கிலிருந்து வரும் ஆடி மாதக் கச்சான் காற்றுக்கு முகம் கொடுத்து, வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் திரும்புகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அங்கே கிரவல் பாதையும் சேர்ந்தால் சக்கரம் உருள்வதற்கான செலவு தனியாக ஏறும்.

ஆகவே பணத்தை எடுக்கும் முன் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். 35ஐ 25 ஆக்கினால் கிடைக்கும் கூடுதல் தூரம், அரைப் பற்றரி வாங்கியதற்கு மேல். அதற்கும் போதாவிட்டால்தான் இரண்டாவது பற்றரி.

பாரத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். 13 அம்பியர்-மணி லிதியம் பற்றரி நான்கு கிலோ அளவில் இருக்கும். தட்டையான தார் வீதியில் அந்த நான்கு கிலோவை உருட்ட ஒரு கிலோமீற்றருக்கு 0.1 வொற்-மணி கூடத் தேவையில்லை. ஈய-அமிலப் பற்றரி நான்கை அடுக்கினால் 28 கிலோ வரும். அப்போதும் சக்தியை விட, பின் கரியரும் பிரேக்கும் படும் பாடுதான் பெரிது.

சேர்க்கும் முறைக்கு வருவோம். தொடராக, அதாவது ஒன்றின் நேர் முனையை மற்றதன் மறை முனையில் கொடுப்பது, கூடவே கூடாது. இரண்டு 48 சேர்ந்து 96 வோல்ற் ஆகிவிடும். மோட்டருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டிதான் கொன்ட்ரோலர். 48 வோல்ற் கொன்ட்ரோலர்களுக்குள் இருக்கும் கொள்ளளவிகள் (மின்னைச் சேமித்து விடும் கப்பாசிற்றர்கள்) பெரும்பாலும் 63 வோல்ற்றுக்கு மட்டுமே செய்தவை. கொன்ட்ரோலர் போகும், அவ்வளவுதான்.

சமாந்தரம்தான் சரியான வழி. நேரோடு நேர், மறையோடு மறை. வோல்ற் மாறாது, அம்பியர்-மணி கூடும். தூரம் மட்டுமல்ல, இன்னொரு நன்மையும் உண்டு. பழைய பற்றரியின் உள்தடை, அதாவது பற்றரிக்குள்ளேயே மின்னோட்டத்துக்கு இருக்கும் தடை, 0.25 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மோட்டர் 20 அம்பியர் இழுக்கும்போது உள்ளேயே 5 வோல்ற் விழும். ஓய்வில் 45 வோல்ற் காட்டுகிற பற்றரி அக்சிலேற்றரைத் திருகியதும் 40க்கு இறங்க, கொன்ட்ரோலர் 'தீர்ந்துவிட்டது' என்று நிறுத்திவிடும். உள்ளே சக்தி இருக்கும், வெளியே வராது. 0.12 ஓம் உள்ள புதிய பற்றரியைப் பக்கத்தில் சேர்த்தால் புதியது 13.5 அம்பியரும் பழையது 6.5 அம்பியரும் கொடுக்கும், விழுவது 1.6 வோல்ற் மட்டுமே. தூக்கி எறியலாம் என்று நினைத்த பற்றரி இன்னும் கொஞ்சக் காலம் உழைக்கும்.

ஆபத்தும் இதே இடத்தில்தான். இரண்டு பற்றரிகளின் வோல்ற்றும் ஒன்றாக இல்லாமல் சேர்த்தால், நிறைந்தது காலியானதற்குள் பாயும். ஒன்று 54 வோல்ற், மற்றது 46, இரண்டின் உள்தடையும் சேர்த்து 0.2 ஓம் என்றால் 40 அம்பியர் ஓடும். அந்தப் பற்றரிக்குச் சாஜர் கொடுப்பதோ 2, 3 அம்பியர்தான். இது பெரும்பாலும் நடப்பது முதல்நாள் அல்ல. ஒரு பற்றரியை மட்டும் கழற்றி இரவு சாஜ் போட்டு, காலையில் அவசரத்தில் மாட்டுகிறபோதுதான்.

பற்றரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று, அதாவது பீஎம்எஸ், தடுக்காதா? எல்லா நேரமும் தடுக்காது. பல பற்றரிகளில் சாஜ் துளையும் மோட்டருக்குப் போகும் வழியும் வேறு வேறு. கூடிய வோல்ற்றைப் பார்த்து வெட்டும் வேலை சாஜ் துளைப் பக்கம் மட்டுமே இருக்கும். மோட்டர் வழியால் பின்னோக்கி வரும் மின்னோட்டத்தை அது கவனிக்காது.

லிதியத்திலும் இனங்கள் உண்டு. வழக்கமான 48 வோல்ற் பற்றரியில் 13 கலங்கள் தொடராக இருக்கும், நிறைந்தால் 54.6 வோல்ற். இரும்பு-பொஸ்பேற் இனத்தில் 16 கலங்கள், நிறைந்தால் 58.4. இரண்டுக்கும் மேலே '48 வோல்ற்' என்றே எழுதியிருக்கலாம். அவற்றை நேரடியாகச் சேர்த்தால் முதலாவதின் ஒவ்வொரு கலத்துக்கும் 4.49 வோல்ற் போகும். அதன் எல்லை 4.2. தீப்பிடிக்க இது போதும். ஆகவே லேபலை நம்பாமல் சாஜரின் அடியில் எழுதியிருக்கும் வெளியீட்டு வோல்ற்றைப் பாருங்கள். இரண்டு சாஜரிலும் ஒரே எண் இல்லையென்றால் நேரடிச் சமாந்தரம் என்ற பேச்சே வேண்டாம்.

ஒரே எண் என்றால் வேலை இப்படி. இரண்டையும் தனித்தனியாக முழுதாகச் சாஜ் செய்து, ஒரு மணித்தியாலம் ஆறவிட்டு, மல்ரிமீற்றரால் அளக்க வேண்டும். 54.4, 54.3 என்று வந்தால் சேர்க்கலாம். வித்தியாசம் 0.2 வோல்ற்றுக்கு மேல் என்றால் குறைந்ததை இன்னும் சாஜில் போடுங்கள். எவ்வளவு போட்டாலும் ஏறாமல் 52லேயே நிற்கிற பற்றரிக்குள் ஒரு கலம் செத்திருக்கலாம்; அதைச் சேர்க்காதீர்கள். சேர்த்த பிறகு இரண்டையும் எப்போதும் ஒரு சோடியாகவே வைத்து, ஒன்றாகவே சாஜ் போடவேண்டும். 26 அம்பியர்-மணிக்கு 3 அம்பியர் சாஜர் என்றால் ஒன்பது மணித்தியாலம் வரை போகும்.

வயர் 4 சதுர மில்லிமீற்றர் செப்பு. இரு பற்றரியிலிருந்தும் சந்திக்கும் இடம் வரை நீளம் ஒன்றாக இருந்தால், ஒரே மாதிரியான பற்றரிகளில் மின்னோட்டம் சமமாகப் பிரியும். ஒவ்வொரு நேர் வயரிலும் பற்றரிக்குக் கிட்டவே ஒரு 30 அம்பியர் பியூஸ். மோட்டர் வாகனக் கடையில் கிடைக்கிற தட்டை பியூஸை வாங்கி மாட்டுவது வழமை. அது 32 வோல்ற்றுக்குச் செய்தது. 54 வோல்ற்றில் உருகினாலும் இடைவெளியில் நெருப்புப் பொறி வில்லாக நின்று மின்சாரம் தொடர்ந்து ஓடக்கூடும். 58 வோல்ற் அல்லது அதற்கு மேல் என்று அடித்த பியூஸைக் கேட்டு வாங்குங்கள்.

இணைப்பிகளைப் பார்த்தால் நிலைமை விளங்கும். மஞ்சள் நிற எக்ஸ்ரி-90 இணைப்பியின் முனை கறுத்துக் குழி விழுந்திருந்தால், ஒவ்வொரு முறை மாட்டும்போதும் 'டப்' என்று பொறி பறந்திருக்கிறது என்று அர்த்தம். கொன்ட்ரோலரின் கொள்ளளவிகள் ஒரே கணத்தில் நிறைவதுதான் அந்தச் சத்தம். அதே இணைப்பியில் பொறி தடுக்கும் வகை ஒன்று இருக்கிறது. அதற்குள் 5.6 ஓம் தடை இருப்பதால் முதல் தொடுகையில் 10 அம்பியருக்குள் அடங்கிவிடும். மாட்டும் முன் முனைகளை மீற்றரால் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நேர்-மறை மாறினால் கொன்ட்ரோலருக்கு இரண்டாவது வாய்ப்பு இல்லை.

வோல்ற் ஒன்றாக வைத்திருக்க முடியாதவர்களுக்கு டயோட் வழி உண்டு. டயோட் என்பது மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் போகவிடும் உறுப்பு. ஒவ்வொரு பற்றரிக்கும் ஒரு டயோட் போட்டால் ஒன்றிலிருந்து மற்றதற்குள் மின்சாரம் போகாது. நிறைந்தது முதலில் கொடுக்கும், சமமானதும் இரண்டும் கொடுக்கும். சாதாரண ஷொட்கி டயோட்டில் 20 அம்பியருக்கு 10 வொற் அளவு வெப்பமாகப் போகும், வெப்பத்தகடு கட்டாயம். மொஸ்பெற் வைத்துச் செய்த மொடியூலில் அது ஒன்றிரண்டு வொற்தான். பிரேக் பிடிக்கும்போது மின்சாரத்தைப் பற்றரிக்குத் திருப்பி அனுப்பும் வசதி கொன்ட்ரோலரில் இருந்தால் அதை நிறுத்திவிட வேண்டும். டயோட் திரும்பிப் போகும் வழியை அடைப்பதால் வோல்ற் எகிறி கொன்ட்ரோலரையே தாக்கும்.

எங்கள் பார்வையில் பெரும்பாலானவர்களுக்கு இவை எதுவும் தேவையில்லை. ஒரு மாற்றுச் சுவிச் போதும்: இப்பக்கம் முதலாவது பற்றரி, அப்பக்கம் இரண்டாவது, நடுவில் எதுவும் இல்லை. சுவரில் பூட்டும் லைற் சுவிச் மட்டும் வேண்டாம். வீட்டு மின்சாரம் ஒரு செக்கனில் 100 தடவை பூச்சியத்தைத் தொடுவதால் பொறி தானாக அணையும். பற்றரி மின்சாரம் பூச்சியத்துக்கே வராது, பொறி நின்று எரியும். பற்றரியில் வருவது போன்ற நேரோட்ட மின்சாரத்துக்கு (டீசி) என்று குறித்த சுவிச் வாங்கி, அக்சிலேற்றரை விட்ட பிறகே மாற்றுங்கள். இந்த முறையில் பழையது, புதியது, வேறு இனம் எதுவும் பிரச்சினை இல்லை, நிறைந்த வோல்ற் கொன்ட்ரோலரின் எல்லைக்குள் இருந்தால் சரி.

உப்புக் காற்று வேறு. கடற்கரையிலிருந்து சற்றுத் தள்ளி இருந்தாலும் சில மாதங்களில் செப்பு முனையில் பச்சை பூக்கும். பச்சை பூத்த இடத்தில் தடை கூடி, இணைப்பி சூடாகி, பிளாஸ்ரிக் இளகும். முனையில் வஸ்லின் மெல்லிதாகப் பூசி, இணைப்பி வாயைக் கீழ்நோக்கி வையுங்கள். வயர் பற்றரிக்குள் நுழையும் முன் ஒரு தடவை கீழே தொங்கி மேலேறினால் மாரி மழைத் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

மழைக்காலம் முடியும் வரை சைக்கிளை நிறுத்தி வைப்பதானால் 48 முதல் 49 வோல்ற்றில் வைத்துவிட்டுப் போங்கள். நிறையச் சாஜ் போட்டு வெயில் படும் தகரக் கூரைக்குக் கீழே வைத்த பற்றரி சீக்கிரம் கிழடாகும். வெள்ளத்தில் மூழ்கிய பற்றரியை, அதுவும் வாவித் தண்ணீர் போனதை, காயவைத்துச் சாஜ் போட்டுப் பார்க்க வேண்டாம். உப்புத் தண்ணீர் காய்ந்தாலும் உப்பு காய்வதில்லை. பீஎம்எஸ்ஸின் மெல்லிய வயர்களுக்கிடையே அது நாட்கணக்கில் வேலை செய்யும். அதை வீட்டுக்கு வெளியே, எரியக்கூடிய எதுவும் பக்கத்தில் இல்லாத மண்தரையில் வையுங்கள்.