லேமினேஷன் கடைக்குப் போகும் முன்

போன ஆடியில் பாப்பாரப்பட்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். கையில் மஞ்சள் பை, பைக்குள் பதினான்கு கடிதங்கள். இரண்டாம் உலகப் போரின்போது அவருடைய பாட்டி, எகிப்திலும் பிறகு இத்தாலியிலும் இருந்த தாத்தாவுக்கு எழுதியவை. அதில் பதினொன்றை ஏற்கெனவே ஜெராக்ஸ் கடையில் கொடுத்து லேமினேட் செய்திருந்தார். "மூணு மட்டும் ரொம்ப மடங்கி இருந்துச்சுங்க மேடம், மெஷின்ல மாட்டிக்கும்னுட்டாங்க. அதையும் நீவி நேராக்கிக் குடுத்தீங்கன்னா போட்டுடலாம்" என்றார்.

பழைய தாளும் ஓலைச்சுவடியும் பழுதுபார்ப்பது என் வேலை. தர்மபுரியில் இருபது வருஷத்துக்கு மேலாகச் செய்கிறேன். அன்று அந்தப் பிளாஸ்டிக் தாள்களை மேசையில் வரிசையாக வைத்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அவர் மேல் கோபம் வரவில்லை. கைக்காசு போட்டு, தேதி வாரியாக அடுக்கி, பாட்டி எழுத்து அழியக் கூடாது என்றுதான் செய்திருந்தார். ஆனால் லேமினேஷன் மெஷினில் உருகும் பசை தாளின் நாருக்குள் இறங்கிவிடும். பிரித்தால் எழுத்தும் சேர்ந்து வரும். கரைப்பான் ஊற்றினால் பெரும்பாலும் மையும் கரையும். போர்க்காலத் தாளில் ஏற்கெனவே இருக்கும் அமிலம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே இருந்து தாளைத் தின்னும். அந்தப் பதினொன்றுக்கும் என்னால் செய்ய முடிந்தது, நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்துக் கொடுத்தது மட்டும்தான்.

என்னிடம் வரும் போர்க்காலக் கடிதங்களில் பெரும்பாலானவை சிப்பாய் வீட்டுக்கு எழுதியவை. வீட்டில் டிரங்குப் பெட்டி இருந்தது, பரண் இருந்தது, பத்திரப்படுத்த ஒருத்தி இருந்தாள். அவள் எழுதியதோ கூடாரத்துக்கும் லாரிக்கும் பதுங்கு குழிக்கும் போய்ச் சேர்ந்தது. மழையில் நனைந்திருக்கும், யூனிட் இடம் மாறும்போது தொலைந்திருக்கும். 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்து கைதானவர்களிடம் கடிதக்கட்டு எப்படித் தங்கியிருக்கும்? அதனால் ஒரு மனைவியின் கடிதம் போர்முனைக்குப் போய், அங்கே தப்பி, அவர் மூட்டையிலேயே திரும்பி ஊருக்கு வந்திருக்கிறது என்றால் அது மிக அரிது. அந்தத் தாத்தா 1946-ல் திரும்பி வரும் வரைக்கும் அந்தப் பதினான்கையும் சுமந்திருக்கிறார்.

அந்தப் போரில் இந்தியப் படையில் சேர்ந்தவர்கள் 25 லட்சம் பேர். தர்மபுரி தனி மாவட்டமானது 1965-ல்தான், கிருஷ்ணகிரி பிரிந்தது 2004-ல். போர்க்காலத்தில் எல்லாம் சேலம் ஜில்லா. மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவின் தலைமையிடம் பெங்களூர், அது பக்கம் என்பதால் இங்கிருந்து பலர் அந்தப் பிரிவுக்குப் போனார்கள். பாலம் கட்டுவது, பாதை போடுவது, கண்ணிவெடி எடுப்பது அவர்கள் வேலை. போனவர்களைப் பற்றி ஏதோ கொஞ்சம் பதிவு இருக்கிறது. தமிழ்நாட்டில் பல ஊர்களில் முதல் உலகப் போருக்கு இத்தனை பேர் போனார்கள் என்று கல் பதித்திருக்கிறார்கள். நம் பக்கத்து நடுகற்களோ அதற்கும் பல நூற்றாண்டு முந்தியவை, தர்மபுரி அருங்காட்சியகத்திலேயே வரிசையாக நிற்கின்றன. கல் எல்லாம் போனவனுக்கு. வீட்டில் இருந்தவள் பேசியது இந்த மாதிரித் தாள்களில் மட்டும்தான் இருக்கிறது.

அந்தப் பேச்சும் நேராகப் போகவில்லை. பதினான்கு கடிதங்களில் மூன்று பேருடைய கையெழுத்து இருந்தது. பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல யாரோ எழுதியிருக்கிறார்கள். வாத்தியாரோ, தபால்காரரோ, பள்ளிக்கூடம் போன பங்காளிப் பையனோ. மேலே பிள்ளையார் சுழி, "க்ஷேமம், க்ஷேமத்துக்கு எழுதவும்" என்று எழுதுபவரின் நடையில் நாலு வரி. அப்புறம் திடீரென்று மொழி மாறும். கேழ்வரகு "கேவுரு" ஆகிவிடும். வாக்கியம் முடியாமல் அடுத்ததற்குத் தாவும். அந்த இடத்தில்தான் பாட்டி பேசுகிறார். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கடிதங்களில் இன்னொன்றும் பார்த்திருக்கிறேன். வீட்டில் பேசுவது தெலுங்கோ கன்னடமோ, எழுதியிருப்பது தமிழில். நடுநடுவே வீட்டு வார்த்தை எட்டிப் பார்க்கும். பிழை என்று நினைத்துத் திருத்தி நகல் எடுத்துவிடாதீர்கள், இருப்பதை இருக்கிறபடியே எழுதி வையுங்கள்.

எழுதுபவருக்கு அடுத்து தணிக்கை. ராணுவத் தபாலைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். மத்தியக் கிழக்கில் இந்திய வீரர்களின் கடிதப் போக்குவரத்தைப் படித்து அறிக்கை தயாரிக்கவே ஆட்கள் இருந்தார்கள். வீட்டிலிருந்து போன கடிதங்களின் பகுதிகளும் அந்த அறிக்கைகளில் உண்டு. பர்மா விழுந்த பிறகு அரிசி வரவு நின்று விலை ஏறியது. அதை ஊரிலிருந்து எழுதினால் சிப்பாயின் மனம் உடையும் என்று அரசாங்கத்துக்குக் கவலை. அந்த அறிக்கைகள் இன்றும் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. ஆனால் அங்கே இருப்பது ஆங்கிலத்தில் பெயர்த்த துண்டுகள். மனைவி சொன்ன சொல் அப்படியே வேண்டும் என்றால் உங்கள் வீட்டுப் பரணில்தான் தேட வேண்டும்.

கணவருக்கும் படிக்கத் தெரியாவிட்டால் அங்கேயும் ஒருவர் படித்துக் காட்ட வேண்டும். ஆக, எழுதுபவர், தணிக்கைக்காரர், படித்துக் காட்டுபவர் என மூன்று அந்நியர்கள் நடுவில் நிற்க, அந்தப் பெண் தன் புருஷனிடம் என்னதான் பேச முடியும்? அந்தக் கடிதக்கட்டில் செவலைப் பசுவைப் பற்றி அடிக்கடி வருகிறது. பசு சரியாகத் தின்பதில்லை, ராத்திரியில் கத்துகிறது என்று ஒரு கடிதத்தில் நாலு தடவை. பசுவைப் பற்றியே எழுதியிருக்கலாம். எனக்கென்னவோ அது பசு இல்லை என்றுதான் படுகிறது.

சரி, தாளுக்கு வருகிறேன். போர்க்காலத்தில் நல்ல தாள் கிடைக்கவில்லை. மரக்கூழில் செய்த மட்டமான தாள் சீக்கிரம் பழுத்து, மடிப்பில் ஒடியும். எழுதியது பெரும்பாலும் காப்பியிங் பென்சிலில். நாக்கில் தொட்டு எழுதினால் ஊதாவாகும் பென்சில், வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் போதும், எழுத்து ஊதாக் குளமாகிவிடும். ஈரத் துணியால் துடைப்பது, மடிப்பு நீங்கத் தண்ணீர் தெளித்து இஸ்திரி போடுவது, இரண்டுமே வேண்டாம். பழைய கறுப்பு மையாக இருந்தால் வேறு தொல்லை. அதில் இரும்புச் சத்து உண்டு, எழுதின இடத்தையே அரித்து ஓட்டை போடும். கிழிசலில் செல்லோடேப் ஒட்டினால் சில வருஷத்தில் பசை மஞ்சளாகி உள்ளே ஊறும், டேப் மட்டும் கழன்று விழும். குண்டூசி இருந்தால் துருப்பிடித்து ஒட்டியிருக்கும். இழுக்காமல் அப்படியே விட்டுவிட்டுத் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

வைக்கிற இடமும் முக்கியம். எங்கள் பக்கம் ஓட்டு வீட்டில் கரையானும் ராமபாணப் பூச்சியும் சகஜம். ராமபாணத்துக்குக் கஞ்சி என்றால் உயிர். அதனால் கஞ்சி போடாத காடாத் துணியை நன்றாக அலசிக் காயவைத்து அதில் சுற்றுங்கள். தாளுக்கும் துணிக்கும் நடுவில் அமிலம் இல்லாத தாள் கிடைத்தால் மிக நல்லது. சுவரை ஒட்டாமல், தரையில் படாமல், அடுப்படிக்கு மேலே இல்லாமல் வையுங்கள். அந்துருண்டை போடாதீர்கள், அந்தக் காற்று நமக்கே ஆகாது. துணிக்கு வெளியே வசம்பு வைப்பது நம் பெரியவர்கள் ஓலைச்சுவடிக்குச் செய்ததுதான், நானும் செய்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிரித்துப் பார்த்துவிட்டுக் கட்டினால் பாதி ஆபத்து போய்விடும்.

லேமினேஷனுக்குக் கொடுக்கும் காசு உங்களுக்கு மிச்சம். கையில் இருக்கும் செல்போனே போதும். ஜன்னலோரம், நேர் வெயில் படாத வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். முன்பக்கம், பின்பக்கம், உறை மூன்றும் வேண்டும். உறையைத் தயவுசெய்து தூக்கி எறியாதீர்கள். தபால்தலை சேர்ப்பவர் கேட்டார் என்று வெட்டிக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். தேதி பல சமயம் உறையின் முத்திரையில் மட்டும்தான் இருக்கும். கடிதத்திலோ "சுபானு வருஷம் ஐப்பசி" என்று இருக்கும், ஆங்கிலத் தேதி இருக்காது. சுபானு என்றால் 1943 சித்திரையில் தொடங்கியது. அதற்கு முந்தையது சித்திரபானு, அடுத்தது தாரண, போர் முடிந்தது பார்த்திபவில். இந்த நாலு பெயர் தெரிந்தால் கடிதக்கட்டில் பாதியை வரிசைப்படுத்திவிடலாம். ராணுவ ஃபீல்டு போஸ்ட் ஆபீஸ் முத்திரையில் ஊர்ப்பெயருக்குப் பதில் எண் இருக்கும். எந்த எண் எங்கே இருந்தது என்ற பட்டியல்கள் தபால் வரலாறு ஆராய்கிறவர்களிடம் உண்டு. தாத்தா எங்கே இருந்தார் என்று கடிதம் சொல்லாததை அந்த எண் சொல்லும்.

லேமினேட் ஆகாத அந்த மூன்றுக்கு வருகிறேன். இரண்டாவது கடிதத்தை இரண்டு நாள் வைத்து மெதுவாகப் பிரித்தேன். உள்மடிப்பில் கொஞ்சம் சாம்பல் நிறத் தூள் இருந்தது. தூசி என்று தூரிகையை எடுத்தேன். முகர்ந்தபோது வாசனை எதுவும் இல்லை, லென்ஸில் பார்த்தால் விபூதி. கோயிலுக்குப் போய்வந்து மடித்து அனுப்பியிருக்கிறார். அதன் அடியில், நகத்தளவு வட்டமாகச் சுருட்டி, ஒரு நூல். கடிதத்தின் கடைசி வரியைப் படித்த பிறகுதான் விளங்கியது. பையனை நிற்க வைத்து உச்சியிலிருந்து பாதம் வரை அளந்து வெட்டிய நூல் அது. குழந்தை பிறப்பதற்கு முன்பே கப்பலேறிய அப்பாவுக்கு, பிள்ளை எவ்வளவு வளர்ந்திருக்கிறான் என்று காட்ட அனுப்பியது. அளந்தேன், 82 செ.மீ.

மெஷினுக்குள் போன பதினொன்றில் என்னென்ன இருந்ததோ. கடைக்காரர் தட்டித்தான் போட்டிருப்பார். தட்டத்தானே செய்வோம். அதனால்தான் சொல்கிறேன், பழைய கடிதத்தை வெள்ளைத்தாள் விரித்து அதன் மேல் வைத்துப் பிரியுங்கள். உதிர்வது எதுவானாலும் சின்னப் பொட்டலமாக மடித்து, எந்தக் கடிதத்தில் இருந்தது என்று பென்சிலில் எழுதி அதனுடனே வையுங்கள். மஞ்சள் கறை, குங்குமக் கறை, கண்ணீரோ வியர்வையோ தெரியாத வட்டம் எதையும் துடைக்க வேண்டாம்.

இன்னொன்று, சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. இந்தக் கடிதங்களில் இருந்து ஒரு வரியைக்கூட நான் இங்கே எடுத்துப் போடவில்லை. அவை நமக்கு எழுதியவை அல்ல. மாமியாரோடு மனஸ்தாபம், கரைந்துபோன கர்ப்பம், சிப்பாய் சம்பளத்தில் வீட்டுக்கென்று ஒதுக்கி அனுப்பும் அலாட்மென்ட் பணம் மணியார்டரில் வந்ததும் யார் கைக்குப் போனது என்பதெல்லாம் இருக்கும். வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அனுப்பும் முன் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். பத்திரமாக ஒரு இடத்தில் கொடுக்க நினைத்தால் சென்னையில் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் ரோஜா முத்தையா நூலகமும் இருக்கின்றன, முதலில் விசாரித்துப் பாருங்கள். தாள் மிகவும் நைந்திருந்தால் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் வேதிப் பாதுகாப்பு ஆய்வகம் உண்டு.

இதெல்லாம் எண்பது வருஷத்துக் கதை என்று நினைத்துவிட வேண்டாம். 1987-லிருந்து 1990 வரை அமைதிப்படையில் இலங்கைக்குப் போனவர்கள் நம் மாவட்டங்களிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு மனைவிமார் நீல நிற இன்லாண்டில் எழுதினார்கள். முகவரியில் ஊர் இருக்காது, நம்பர், யூனிட், ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் நிலைய எண் மட்டும். எழுதியவர்கள் இன்று அறுபது வயதைத் தொட்டவர்கள், நம் நடுவில்தான் இருக்கிறார்கள். "அதுல என்னம்மா இருக்கு, ரேஷன் கடைக் கதைதான்" என்று அடுப்பில் போட்டுவிட்டதாக ஒரு அம்மா கிருஷ்ணகிரியில் என்னிடம் சொன்னார். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. உங்கள் அம்மாவிடமோ அத்தையிடமோ இருந்தால் இந்த வாரமே கேளுங்கள். பால்பாயின்ட் மை வெளிச்சத்தில் மங்கும், பிளாஸ்டிக் ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். கேட்கும்போது, அன்றைக்குச் சொல்லாமல் விட்டது என்ன என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பாப்பாரப்பட்டிக்காரர் அடுத்த முறை வந்தபோது தன் அப்பாவையும் கூட்டி வந்தார். எண்பது தாண்டியவர், கைத்தடி ஊன்றி நடக்கிறார். நூலைப் பற்றி அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. விஷயத்தைச் சொல்லி வெள்ளைத்தாளில் வைத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். தடியை மேசையில் சாய்த்துவிட்டு நிமிர்ந்து நின்று, ஒரு நுனியைப் பாதத்தில் பிடிக்கச் சொன்னார். மகன் குனிந்து பிடித்துக்கொள்ள, மறுநுனியை நான் மேலே கொண்டுபோனேன். இடுப்புக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றது.

"மஞ்சள் பூசினதா, பழுத்துப்போனதா?" என்று கேட்டார். சோதித்துப் பார்த்தால்தான் தெரியும், சோதிக்க வேண்டுமென்றால் ஒரு நுனியை வெட்ட வேண்டும் என்றேன். வேண்டாம் என்று கையசைத்தார். பழைய வளையம் விழுந்திருந்த வாட்டத்திலேயே சுருட்டி, விபூதிப் பொட்டலத்தோடு அதே மடிப்பில் வைத்துக் கட்டிக் கொடுத்தேன்.