மனம் அமைதியானால் குளிசையை நிறுத்தலாமா?

கடந்த மாதம் ஒரு திங்கட்கிழமை, ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரை அவருடைய மகள் சக்கர நாற்காலியில் எங்கள் கிளினிக்குக்கு அழைத்து வந்தார். வலது கை மடியில் அசைவின்றிக் கிடந்தது, பேச்சு குழறியது. மகள் தன் பையை மேசையில் கவிழ்த்தபோது, மருந்தகத்தில் குளிசை போட்டுக் கொடுக்கும் சிறிய கடதாசி உறைகள் பத்துக்கு மேல் விழுந்தன. அவற்றில் ஒன்றுகூடப் பிரிக்கப்பட்டிருக்கவில்லை. "தியானம் பழகத் தொடங்கினதில இருந்து அம்மா நல்லா இருந்தவ, டொக்டர். இனிக் குளிசை தேவையில்லை எண்டு சொன்னவ" என்றார் மகள். பாரிசவாதம் வந்த அன்று அவருடைய குருதியமுக்கம் 210/120 ஆக இருந்திருக்கிறது.

திருகோணமலையில் இந்த ஆண்டு நான் கண்ட இத்தகைய நோயாளர்களில் இவர் நான்காமவர். நான்கு பேரும் மருந்தை வெறுத்தவர்கள் அல்லர். தியானத்தால் உண்மையாகவே பயன்பெற்று, அந்தப் பயனைத் தவறாகப் புரிந்துகொண்டவர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தியானத்தின் பயனை நான் மறுக்கவில்லை. என் நோயாளர்கள் பலருக்கு அதைப் பரிந்துரைத்து வருகிறேன். 1979இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பிரிவில் ஜோன் கபட் சின் தொடங்கிய 8 வாரப் பயிற்சியிலிருந்து இன்றுவரை, மூச்சையும் உடலுணர்வையும் நிதானமாகக் கவனிக்கும் முறை மருத்துவ ஆய்வுகளுக்கு உட்படுத்தப்பட்டு வருகிறது. 47 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான மீளாய்வு ஒன்று பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவை ஓரளவு குறைவதைக் காட்டியது. பதற்ற நோயுள்ள 276 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2022இல் வெளியான ஆய்வில், இந்த 8 வாரப் பயிற்சி எஸ்சிட்டலோபிராம் என்ற மருந்துக்குக் குறையாத பலனைத் தந்தது. மனச்சோர்வு மீண்டும் மீண்டும் வருபவர்களுக்கு, அது திரும்பி வராமல் தடுக்கவும் இதன் ஒரு வடிவம் உதவுகிறது.

குருதியமுக்கத்தின் கதை வேறு. எங்கள் பேச்சு வழக்கே இங்கே நம்மை ஏமாற்றுகிறது. பிள்ளை படிக்காவிட்டால் "எனக்குப் பிறஷர் ஏத்தாத" என்கிறோம். வங்கிக் கடன் நெருக்கினால் "ஒரே பிறஷர்" என்கிறோம். கிளினிக் கொப்பியில் எழுதப்படும் நோயையும் அதே சொல்லால்தான் அழைக்கிறோம். ஆகவே கவலை தீர்ந்தால் பிறஷரும் தீர்ந்துவிடும் என்று எண்ணுவது இயல்பாகிவிடுகிறது. உயர் குருதியமுக்கம் என்பது கவலையின் மறுபெயர் அன்று. உப்பு, உடற்பருமன், வயது, பரம்பரை, சிறுநீரகத்தின் நிலை எனப் பல காரணங்களால் குருதிக்குழாய்களில் நிலைத்துவிடும் நோய் அது. பெரும்பாலானோருக்கு அது எந்த அறிகுறியையும் காட்டுவதில்லை. 190 இருக்கும்போதும் நன்றாகப் பசிக்கும், நன்றாக நித்திரை வரும், கோணேசர் கோயில் ஏற்றத்தில் நடந்தும் போகலாம். தியானத்தால் அது சில புள்ளிகள் குறையக்கூடும். அந்தச் சில புள்ளிகள் 190ஐ 130 ஆக்குவதில்லை. அமெரிக்க இதய சங்கமும் 2017இல், வழக்கமான சிகிச்சைக்குத் துணையாகத் தியானத்தைக் கொள்ளலாம் என்றே சொன்னது. உங்கள் மனம் அமைதியாக இருப்பதை நீங்கள் உணரலாம். உங்கள் குருதியமுக்கத்தை உணர முடியாது, அளந்துதான் பார்க்க வேண்டும். நீரிழிவுக் குளிசைக்கும் இன்சுலினுக்கும் இதுவே பொருந்தும்.

பழகுவதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. ஒரு கதிரையில் முதுகை நிமிர்த்தி 10 நிமிடம் அமர்ந்து, மூச்சு வந்து போவதைக் கவனித்தால் போதும். எண்ணம் எங்கோ போய்விட்டதென்று தெரிந்ததும் மூச்சுக்குத் திரும்புவதே பயிற்சி. எண்ணமே வரக்கூடாது என்று யாரும் கேட்கவில்லை. ஆஸ்மா உள்ளவர்கள் மூச்சைக் கவனிக்கப்போய்ப் பதறினால், வெளியே கேட்கும் அலையோசையையோ காகத்தின் குரலையோ கவனிக்கட்டும்.

இந்த மாவட்டத்துக்கென்று ஒன்றைச் சொல்லியாக வேண்டும். போரிலும் 2004 ஆழிப்பேரலையிலும் உறவுகளை இழந்தவர்கள் இங்கு பலர் இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்குக் கண்ணை மூடியதும் அந்த நாள் அப்படியே திரும்பி வரும். நெஞ்சு படபடக்கும், உடல் வியர்க்கும். அவர்களிடம் "பொறுத்துக்கொண்டு இருங்கள், சரியாகிவிடும்" என்று சொல்லும் பயிற்றுநர்களை நான் மன்றாடிக் கேட்கிறேன்: தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். கண்ணைத் திறந்து, பாதம் தரையில் படுவதை உணரச் சொல்லுங்கள். அன்று அத்துடன் நிறுத்துங்கள். மீண்டும் அப்படி நேர்ந்தால் உளநல மருத்துவரிடம் அனுப்புங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். முன்பு மனப்பிறழ்வு நோய் வந்தவர்கள், நாட்கணக்கில் மௌனமாக இருக்கும் முகாம்களுக்குத் தம் மருத்துவரைக் கேட்காமல் போகவே கூடாது.

முகம் கோணினாலோ, ஒரு கை விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ, தேசிக்காய்த் தண்ணீர் கொடுத்துப் படுக்கவைத்து நேரத்தை வீணாக்காதீர்கள். உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை முதல் நாலரை மணித்தியாலத்துக்குள்தான் கொடுக்கலாம். அந்த ஆசிரியையை அன்று வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும்போது அந்த நேரம் கடந்திருந்தது.

அடுத்த கிளினிக்குக்கு வரும்போது, தியானம் பழகுவதை எங்களிடம் சொல்லுங்கள். நாங்கள் கோபிக்க மாட்டோம். வீட்டில் அளந்த குருதியமுக்கத்தைத் திகதியுடன் கொப்பியில் எழுதிக் கொண்டுவாருங்கள்; எண்கள் உண்மையில் இறங்கியிருந்தால் மருந்தின் அளவை நாங்களே குறைப்போம். அதுவரை அந்தக் கடதாசி உறைகளை நாள்தோறும் பிரியுங்கள்.