பனிக்கட்டிக்கு அடியில் மீன் எந்த ஆழத்தில் நிற்கிறது?

ஜனவரியில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து ஏரிகள் உறைந்து கிடக்கும். ஆட்கள் பனிக்கட்டி மேல் நடந்து போய், ஆகர் என்கிற துளைக்கருவியால் ஒரு சாணுக்கும் குறைவான அகலத்தில் ஓட்டை போட்டு, பொடித் தூண்டிலை இறக்கி மீன் பிடிப்பார்கள். அவர்கள் அதிகம் தேடுவது க்ராப்பி, ப்ளூகில் மாதிரியான கையகல மீன்களை. குளிர்காலத்தில் இவை பல நேரம் தரையோடும் இருக்காது, கரையோரச் செடிகளுக்குள்ளும் இருக்காது. 9 மீட்டர் ஆழத் தண்ணீரில் நடுவே எங்கோ அந்தரத்தில் நிற்கும். எங்கே என்பதுதான் கேள்வி.

இப்போது பலர் கையில் சோனார் கருவி இருக்கிறது. அது ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்குகிறது. மீனின் சதை கிட்டத்தட்ட தண்ணீரைப் போலவே ஒலியைக் கடத்திவிடும். எதிரொலியில் பெரும்பங்கு மீனுக்குள் இருக்கும் காற்றுப்பையிலிருந்துதான் திரும்புகிறது. கருவி இல்லாதவருக்கும் அதே காற்றுப்பைதான் துணை. அது மீனை ஓர் ஆழத்தோடு கட்டிப்போட்டு வைக்கிறது.

முதலில், மீன் ஏன் தரையை விட்டு மேலே வருகிறது? தண்ணீர் சுமார் 4 டிகிரி செல்சியஸில்தான் மிகவும் கனமாக இருக்கும். அதனால் பனிக்கட்டியை ஒட்டிய நீர் 0 டிகிரிக்குப் பக்கத்திலும், அடிநீர் 4 டிகிரியை நெருங்கியும் இருக்கும். வெப்பத்தை மட்டும் பார்த்தால் மீன் அடியிலேயே தங்கிவிடலாம். ஆனால் மூச்சு விடவும் வேண்டும், சாப்பிடவும் வேண்டும். பனிக்கட்டி மூடிய ஏரிக்குக் காற்றிலிருந்து ஆக்ஸிஜன் வராது. மேலே பனியும் குவிந்துவிட்டால் வெளிச்சம் போய்விடும். செடிகளும் பாசிகளும் ஆக்ஸிஜன் தயாரிப்பது குறையும். அடிச் சேற்றில் மக்கும் இலை தழை மட்டும் ஆக்ஸிஜனைத் தின்றுகொண்டே இருக்கும். ஆகவே பற்றாக்குறை தரையில் தொடங்கி மேல்நோக்கி வளர்கிறது.

சாப்பாடும் நடுநீரில்தான். டாஃப்னியா போன்ற மிதக்கும் சிற்றுயிர்கள் அங்கே திரிகின்றன. கேயோபோரஸ் என்ற பூச்சியின் புழுவும் உண்டு. உடம்பு கண்ணாடி போல இருக்கும். பகலில் சேற்றுக்குள் ஒளிந்திருந்து, இருட்டியதும் தன் உடம்பிலுள்ள சின்னக் காற்றறைகளின் உதவியோடு மேலே கிளம்பும். க்ராப்பிக்கு அது நல்ல தீனி.

இனி காற்றுப்பைக்கு வருவோம். கெண்டை வகை மீன்களுக்குக் காற்றுப்பையிலிருந்து தொண்டைக்கு ஒரு குழாய் உண்டு. காற்று அதிகமானால் வாய் வழியே விட்டுவிடலாம். க்ராப்பிக்கும் ப்ளூகில்லுக்கும் அந்தக் குழாய் கிடையாது. வாயு ரத்தத்திலிருந்து பைக்குள் வர வேண்டும், ரத்தத்தின் வழியாகவே வெளியேற வேண்டும். இது மெதுவாக நடக்கிற வேலை. 9 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் சுமார் 1.9 வளிமண்டலம், 4 மீட்டரில் 1.4. சட்டென்று அந்த 5 மீட்டர் ஏறினால் பையிலுள்ள வாயு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விரிந்துவிடும். மீன் தடுமாறிப் போகும்.

நான் முக்கியமாக நினைப்பது இதைத்தான்: ஒரு கூட்டம் பக்கவாட்டில் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் சுற்றலாம், ஆனால் மேலும் கீழும் மெதுவாகத்தான் நகரும். ஆகவே ஒரு மீன் மாட்டிய ஆழம், பக்கத்துத் துளைக்கும் பொருந்தக்கூடிய தகவல். கருவி இல்லாதவர் தேட வேண்டியது மீனை அல்ல, அந்த ஆழத்தை.

எப்படித் தேடுவது? மினசோட்டா இயற்கை வளத் துறை ஏராளமான ஏரிகளுக்கு ஆழக்கோட்டு வரைபடம் வெளியிட்டிருக்கிறது. அதில் சரிவு முடிந்து பள்ளம் ஆரம்பிக்கும் இடத்தைப் பார்த்து, அங்கிருந்து பள்ளத்தின் நடுவை நோக்கி வரிசையாகத் துளை போடுவார்கள். எல்லாத் துளைகளையும் முதலிலேயே போட்டுவிடுவது நல்லது; சத்தம் அடங்கிய பிறகு மீன் பிடிக்கலாம். முள்ளில் ஓர் ஈயக்குண்டை மாட்டித் தரை தட்டும்வரை இறக்கினால் மொத்த ஆழம் தெரிந்துவிடும். ரீலுக்கும் (நரம்பு சுற்றும் உருளை) ராடின் (தூண்டில் கோல்) முதல் வளையத்துக்கும் இடையே இருக்கும் தூண்டில் நரம்பின் நீளத்தை ஒருமுறை அளந்து வைத்துக்கொண்டால், எத்தனை இழுப்பு விட்டோம் என்று எண்ணியே ஆழத்தைச் சொல்லலாம்.

அப்புறம் மேலிருந்து கீழே தேட வேண்டும். பலர் தரையில் போட்டுவிட்டு மெல்ல மேலே ஏற்றுகிறார்கள். க்ராப்பிக்கு அது சரிப்படாது. அதன் கண்கள் பெரியவை, வாய் மேல்நோக்கிச் சாய்ந்தது. தலைக்கு மேலே மங்கலான வெளிச்சத்தில் நிழலாகத் தெரியும் இரையை எழும்பி வந்து பிடிக்கும். தனக்குக் கீழே கிடப்பதைக் கவனிப்பது குறைவு. ஆகவே பனிக்கட்டிக்கு 2 மீட்டர் கீழே தொடங்கி, ஒவ்வொரு இடத்திலும் சில நிமிடம் நிறுத்தி, அரை மீட்டர் அரை மீட்டராக இறக்கினால் ஒவ்வொரு நிறுத்தமும் தனக்குக் கீழுள்ள நீரையும் சேர்த்துச் சோதித்துவிடும். முதலில் மாட்டுவதும் கூட்டத்தின் மேல்வரிசை மீனாக இருக்கும். அதை இழுக்கும்போது மற்றவை கலையாது. மினசோட்டாவில் பனிக்கட்டி வழியாக ஒருவர் இரண்டு தூண்டில் போடச் சட்டம் அனுமதிக்கிறது. ஒன்றைத் தக்கையோடு ஓர் ஆழத்தில் நிறுத்திவிட்டு, மற்றதால் தேடலாம். மீன் மாட்டியதும் நரம்பில் அந்த இடத்தில் ஒரு முடிச்சு, அவ்வளவுதான்.

கடியைக் கண்டுபிடிப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். க்ராப்பி இரையைக் கவ்விக்கொண்டு மேலே எழும்பும்போது நரம்பு இறுகாது, தளரும். கை அதை உணராது. அதற்காக ராடின் நுனியில் ஒரு மெல்லிய ஸ்பிரிங் கம்பி பொருத்துவார்கள். தூண்டிலின் எடையில் கம்பி சற்று வளைந்திருக்கும். மீன் அந்த எடையைத் தூக்கிய கணம் கம்பி நிமிரும். கம்பி சரியாக வளைய எடை வேண்டும், ஆனால் தூண்டில் பெரிதாகவும் இருக்கக்கூடாது. அதனால்தான் டங்ஸ்டன் என்ற உலோகத்தில் செய்த தூண்டில். டங்ஸ்டனின் அடர்த்தி ஈயத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். இன்னொன்று, தூண்டில் இறங்கும்போதே எண்ணிக்கொண்டிருங்கள். வழக்கமாகப் பத்து எண்ணும்வரை இறங்குவது ஏழிலேயே நின்றால், நடுவில் ஒரு வாய் அதைப் பிடித்திருக்கிறது.

இருட்டத் தொடங்கினால் கணக்கு மாறும். புழுக்கள் மேலே வர, மீனும் படிப்படியாக ஏறும். மாலையில் கடி நின்றுபோனால் இடத்தை மாற்றுவதற்கு முன் ஆழத்தைக் குறைத்துப் பாருங்கள்.

9, 10 மீட்டருக்குக் கீழிருந்து இழுத்த மீனைத் திரும்ப விடுவதில் பலன் குறைவு. விரிந்த காற்றுப்பை இரைப்பையை வாய்ப்பக்கம் தள்ளியிருக்கும், கண் பிதுங்கியிருக்கும், பிழைப்பது கடினம். அத்தனை ஆழத்தில் கூட்டம் நின்றால், சமைக்கத் தேவையானதைப் பிடித்ததும் தூண்டிலைச் சுருட்டிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

குளிர்காலக் கடைசியில் ஆக்ஸிஜன் குறைந்த ஏரிகளில் மீன் பனிக்கட்டிக்கு வெகு அருகே வந்துவிடும். அப்போது தேடல் ஒரு மீட்டரிலேயே ஆரம்பிக்கலாம். ஆனால் அந்தச் சமயத்துப் பனிக்கட்டியை நம்பக்கூடாது. நடந்து போக 4 அங்குலம் போதும் என்று இயற்கை வளத் துறை சொல்வது புதிதாக உறைந்த, தெளிந்த பனிக்கட்டிக்கு மட்டும்தான். வெயிலில் இளகி வெளுத்துப்போனது அதைவிடத் தடிமனாக இருந்தாலும் ஆளைத் தாங்காமல் போகலாம்.