குண்டு எங்கே விரிய வேண்டும்?

அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் எல்க் என்ற பெரிய மான் இனத்தின் வேட்டைக்கு மட்டும் ஏன் வேறு தோட்டா வாங்குகிறார்கள், எல்லாம் ஈயக் குண்டுதானே என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

பெரிய தோட்டா விலங்கைத் தூக்கியெறியும் என்பது சுத்த மூடநம்பிக்கை. .30-06 என்ற ரைபிள் தோட்டாவின் (.30 என்பது அங்குலத்தில் குண்டின் தோராய விட்டம்) 180 கிரெயின் குண்டு, அதாவது 11.7 கிராம், வேகம் வினாடிக்குச் சுமார் 820 மீட்டர். பள்ளியில் படித்த உந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 300 கிலோ எல்க்குக்கு அந்த அடியில் கிடைக்கும் வேகம் வினாடிக்கு 3 சென்டிமீட்டர்! விலங்கு விழுவது நுரையீரல் கிழிந்து ரத்த அழுத்தம் சரிவதால். அதற்குக் குண்டு அகலமாகவும் கிழிக்க வேண்டும், ஆழமாகவும் போக வேண்டும். ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும்.

சதையில் பெரும்பங்கு தண்ணீர். அதன் அடர்த்தியில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால், குண்டின் மூக்கில் ஏறும் அழுத்தம் தோராயமாகக் கிடைத்துவிடும். 800 மீட்டர் வேகத்தில் அது 320 மெகாபாஸ்கல். காற்றழுத்தத்தைப் போல 3,000 மடங்குக்கு மேல். ஈயம் இதற்கு எம்மாத்திரம்? பின்னோக்கி வழிந்து, தன்னைச் சுற்றியுள்ள செம்பு உறையையும் கிழித்துக்கொண்டு காளானாக விரிகிறது. விட்டம் இரட்டித்தால் முகப்பின் பரப்பு நான்கு மடங்கு. தடையும் ஏறத்தாழ அப்படியே ஏறும். வேகம் 400 ஆகக் குறைந்தால் அழுத்தம் கால்வாசி, வெறும் 80. பெரும்பாலான உறைகள் அதற்கு மசியாது. குண்டு பென்சில் பருமனில் ஓட்டை போட்டுவிட்டு மறுபக்கம் போய்விடும். வெகுதூரத்தில் சுட்ட மான், காயத்தோடு ஓடி மறைய இது ஒரு காரணம்.

கிட்டத்தில் சுட்டால் தொல்லை நேரெதிர்: மெல்லிய உறை தோள் எலும்பில் பட்டுச் சிதறும். 1946இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், சேறு அப்பிய மூஸ் (எல்க்கைவிடப் பெரிய மான் இனம்) ஒன்றிடம் ஜான் நாஸ்லர் என்ற அமெரிக்க வேட்டைக்காரருக்கு நேர்ந்தது இதுதான். அவர் கண்ட வழி அழகானது. உறைக்கு நடுவில் ஒரு குறுக்குச் சுவர். முன்னறை ஈயம் விரிந்து தேய்ந்து போகலாம். சுவருக்குப் பின்னால் இருக்கும் ஈயம் அசையாது, துளைத்துக்கொண்டே போகும். எடையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு மிஞ்சும். முழுச் செம்புக் குண்டில் உதிர ஈயமே இல்லை, ஏறக்குறைய முழு எடையும் தங்கும். ஆனால் விரிய வேகம் அதிகம் வேண்டும் என்பதால் 180க்குப் பதில் 165 கிரெயின் எடுப்பது நல்லது. 2019 ஜூலை முதல் கலிஃபோர்னியாவில் வேட்டைக்கு ஈயம் அறவே கூடாது.

ஆக, வெண்வால் மானுக்கு .243இல் 100 கிரெயின் சாதாரணக் குண்டே போதும். எல்க், மூஸ் என்றால் .30-06இல் சுவர் வைத்தது அல்லது செம்பு. ஆப்பிரிக்கக் காட்டெருமைக்கு இன்னும் பெரிய .375 ஹெச் அண்ட் ஹெச் தோட்டா, 300 கிரெயின் குண்டு. அங்கே பல நாடுகளில் சட்டப்படி இதுவே குறைந்தபட்சம். யானையின் மண்டையோட்டுக்கு விரியும் குண்டு உதவாது, விரியாத திடக் குண்டுதான்.

.375இன் உதை .30-06ஐப் போலக் கிட்டத்தட்ட இரு மடங்கு. அந்தப் பயத்தில் விசையை இழுக்கும்போதே உடல் சுருங்கும், குறி விலகும். எல்க் சுடப் போகிறவருக்கு, என்னைக் கேட்டால், பழகிய .30-06 போதும். எதை வாங்கினாலும் குண்டை மாற்றியதும் 100 கெஜத்தில் மூன்று முறை சுட்டு ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) திருத்துங்கள். எடை அதேயானாலும் வேறு தயாரிப்புக் குண்டு வேறு இடத்தில்தான் விழும்.