அமெரிக்கா விழப்போகிறது என்று நகையை அடைவு வைக்காதீர்கள்

கொஞ்சக் காலமாகக் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் ஒரு கதை ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறது. அமெரிக்காவின் காலம் முடிந்துவிட்டது, டொலர் இனிச் செல்லாக்காசு, பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனா, தென்னாபிரிக்கா முதலான பிரிக்ஸ் நாடுகள் புதுக் காசு அடித்துவிட்டன, இப்போதே அதில் போட்டு வைத்தால் வெளிநாட்டுப் பிள்ளைகளின் கையை எதிர்பார்த்திருக்கத் தேவையில்லை. கூட்டுறவுக் கடன் வேலையில் கன காலமாக இருக்கிற எனக்கு இந்தக் கதை எங்கே போய் நிற்கும் என்று தெரியும். அடைவுத் துண்டில்தான் போய் நிற்கும்.

விசுவமடுவிலிருந்து வந்த ஓர் அம்மா போனை என் மேசையில் வைத்து வீடியோவை ஓட விட்டார். "பிள்ளை, டொலர் விழப்போகுதாம். இதில போட்டா நாலு மாதத்தில மூன்று மடங்கு வருமாம். இந்தச் சங்கிலிக்கு எவ்வளவு தருவீங்கள்?" நான் முழு வீடியோவையும் பார்த்தேன். அதில் பேசியவர் சொன்னதில் பாதி உண்மை, ஆபத்தே அதுதான், முழுப் பொய்யாக இருந்திருந்தால் எங்கள் சனம் தட்டிவிட்டுப் போயிருக்கும்.

அந்த உண்மையான பாதியை முதலில் பார்ப்போம். உலக நாடுகளின் மத்திய வங்கிகள் வைத்திருக்கும் வெளிநாட்டு நாணயக் கையிருப்பில் டொலரின் பங்கு 2000ஆம் ஆண்டளவில் 70 வீதத்துக்கு மேலே இருந்தது, 2024 முடிவில் 58 வீதத்துக்குச் சற்றுக் கீழே வந்துவிட்டது. அமெரிக்க அரசின் கடன் 2024 இறுதியில் 36 ட்ரில்லியன் டொலரைத் தாண்டியது. அந்த நிதியாண்டில் கடனுக்குக் கட்டிய வட்டி, பாதுகாப்புச் செலவையே மிஞ்சிவிட்டது. கடன் வேலை பார்க்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், வட்டி வீட்டுச் செலவை மிஞ்சுகிற குடும்பத்தை நாங்கள் கவலையோடுதான் பார்ப்போம். நாடுகள் கடனைத் திருப்பிக் கட்டுமா என்று தரம் போடுகிற நிறுவனங்களும் அப்படித்தான் பார்த்தன: எஸ் அன்ட் பி 2011இல், ஃபிட்ச் 2023இல், மூடிஸ் 2025 மே மாதத்தில் என்று மூன்றுமே அமெரிக்காவின் முதல் தரத்தைக் குறைத்துவிட்டன. உக்ரைன் போர் தொடங்கியதும் 2022இல் ரஷ்யாவின் கையிருப்பில் ஏறத்தாழ 300 பில்லியன் டொலரை மேற்கு நாடுகள் சேர்ந்து முடக்கியதைப் பார்த்த மற்ற நாடுகள், நாளைக்கு எங்களுக்கும் இதுதானோ என்று யோசித்துத் தங்கம் வாங்கிக் குவித்தன. 2022, 2023, 2024 என்று மூன்று வருடமும் மத்திய வங்கிகள் வாங்கியது ஆண்டுக்கு 1,000 தொன்னுக்கு மேல்.

வீடியோவில் சொல்லாத பாதிக்கு வருவோம். 58 வீதத்துக்கு அடுத்து நிற்கும் யூரோ 20 வீதம் அளவில்தான் இருக்கிறது, சீனாவின் யுவான் 2 வீதம் அளவில். சீனா தன் காசை நாட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் தாராளமாகப் போய்வர விடுவதில்லை, அப்படி விடாத காசை மற்ற நாடுகள் சேமிப்பாக வைத்திருக்கத் தயங்கும். உலகில் நடக்கும் நாணய மாற்றில் 100க்கு 90 அளவில் ஒரு பக்கம் டொலர்தான். பிரிக்ஸ் நாடுகளுக்குப் பொது நாணயமே கிடையாது, அந்தப் பெயரில் யாராவது காசு கேட்டால் அங்கேயே எழும்பி வந்துவிடுங்கள். யானை படுத்தாலும் குதிரை மட்டம்.

எங்கள் சனம் ஏன் இதை இவ்வளவு சுலபமாக நம்புகிறது என்பதும் எனக்கு விளங்குகிறது. 2009இல் போர் முடிந்தபோது புலிகளின் நிர்வாகமே சில மாதங்களுக்குள் இல்லாமல் போனதையும், அதோடு வைப்பில் கிடந்த நகையும் காசும் போனதையும் கண்ணால் கண்டவர்கள் நாங்கள். 2022 ஏப்ரல் 12ஆம் தேதி இலங்கை வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்த காலத்தில், 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் சில வாரங்களில் 360க்குப் போனது. அதையும் கண்டோம். ஆகவே எதுவும் ஒரே இரவில் கவிழலாம் என்பது இங்கே அனுபவம். ஆனால் ஒரு வல்லரசின் இடம் அப்படிப் போவதில்லை.

பிரித்தானியாவைப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே அமெரிக்கப் பொருளாதாரம் அதைத் தாண்டிவிட்டது, இருந்தும் அதன் நாணயமான பவுணின் ஆட்சி இன்னும் அரை நூற்றாண்டு நீடித்தது. இரண்டு உலகப் போர்களும் அவற்றின் கடனும் சேர்ந்துதான் அதைத் தின்றன. 1949இல் பவுணின் மதிப்பை 4.03 டொலரிலிருந்து 2.80க்கு இறக்கினார்கள். 1956இல் சூயஸ் கால்வாயைப் பிடிக்கப் படை அனுப்பியபோது பவுண் ஆட்டம் கண்டது, படையைத் திருப்பி எடுக்கும்வரை பண உதவிக்கு வழிவிட மாட்டோம் என்று அமெரிக்கா நின்றது, பிரித்தானியா பின்வாங்கியது. அடுத்த வருடம் எங்களுக்குப் பக்கத்திலேயே திருகோணமலைக் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். 1967இல் பவுண் மறுபடி இறங்கியது. தொடக்கம் முதல் முடிவு வரை மூன்று தலைமுறைக் கதை இது. இடையில் பவுண் வைத்திருந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தார்களே தவிர, காலையில் எழும்பிப் பார்க்கும்போது எல்லாம் பறிபோயிருக்கவில்லை.

அப்படியென்றால் அமெரிக்காவுக்கு ஒன்றும் ஆகாதா? ஆகும், அதன் கையாலேயே ஆகும் என்பது என் எண்ணம். 1971 ஓகஸ்ட்டில் நிக்சன் டொலருக்கும் தங்கத்துக்கும் இருந்த தொடர்பை வெட்டியதிலிருந்து அந்தக் காசைத் தாங்குவது நம்பிக்கை மட்டும்தான். சொன்னதைச் செய்வார்கள், கேட்ட நேரத்தில் காசு வரும், வழக்கு என்றால் நீதிமன்றம் இருக்கிறது என்ற நம்பிக்கை. அது செலவாகிக்கொண்டிருப்பதை வன்னியில் இருந்தே பார்க்கலாம். நிலக்கண்ணித் தடை ஒப்பந்தத்தில் அமெரிக்கா சேரவில்லை, ஆனாலும் கண்ணிவெடி அகற்ற உலகிலேயே அதிகம் காசு கொடுத்த நாடு அதுதான், 1993 முதல் 5 பில்லியன் டொலருக்கு மேல். முகமாலையில் வெயிலுக்குள் முழங்காலில் இருந்து மண்ணை விரல் விரலாகச் சுரண்டுகிற பெண்களில் பலர் குடும்பத்தைத் தனியே தாங்குகிறவர்கள், எங்களிடம் வீட்டுக்கடனும் கிணற்றுக்கடனும் எடுத்தவர்கள். 2025 ஜனவரியில் வெளிநாட்டு உதவியில் பெரும்பகுதியை 90 நாளுக்கு நிறுத்தி ஒரு கையெழுத்து வாஷிங்டனில் விழுந்தது, கண்ணிவெடி அகற்றும் உதவியும் அதற்குள் அடங்கியது. சில நாட்களில் அந்தப் பெண்களில் ஒருத்தி என் முன்னால் வந்து இருந்துகொண்டு, "அக்கா, இந்த மாதத் தவணையை மட்டும் தள்ளித் தாங்கோ, வேலை இருக்குதோ இல்லையோ எண்டு தெரியேல்ல" என்றாள். அவள் ஒரு நாளும் தவணை பிந்தியவள் இல்லை.

அதே வருடம் ஏப்ரலில் இலங்கைப் பொருட்களுக்கு 44 வீத வரி என்றார்கள், ஜூலையில் 30 என்றார்கள், ஓகஸ்ட்டில் 20 ஆக்கினார்கள். கடைசியில் குறைந்ததுதானே என்று கேட்கலாம். ஆனால் இலங்கையின் உடுப்புகளை அதிகம் வாங்குகிற தனி நாடு அமெரிக்கா, விடியற்காலையில் பஸ் பிடித்து ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிற எங்கள் பிள்ளைகளின் சம்பளம் அந்த இலக்கத்தில்தான் தொங்கியது. நாலு மாதமும் கடன் விண்ணப்பத்தில் "நிரந்தர வருமானம்" என்ற கட்டத்தை என்னவென்று நிரப்புவது என்று நாங்கள் திண்டாடினோம். இப்படி நடந்துகொள்கிற ஒருவரோடு வேறு வழி இல்லாதவரைதான் எவரும் கொடுக்கல் வாங்கல் வைத்திருப்பார்கள், வேறு வழியையும் தேடிக்கொண்டே இருப்பார்கள். நாடுகளும் அப்படித்தான். எங்கள் காலத்தில் அமெரிக்கா பெரிய நாடாகவே இருக்கும், ஆனால் எல்லோரும் முதலில் ஓடிப்போகும் கதவாக இருக்குமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. இன்றைக்கு இன்னும் அந்தக் கதவுதான். 2023 மார்ச்சில் எங்களுக்கு ஏறக்குறைய 3 பில்லியன் டொலர் கடனை ஒப்புக்கொண்ட சர்வதேச நாணய நிதியத்தில் பெரிய முடிவுகளுக்கு 85 வீத வாக்கு வேண்டும், அமெரிக்காவின் கையில் மட்டும் 16 வீதத்துக்கு மேல், அது வேண்டாம் என்றால் அந்த முடிவுகள் நிறைவேறாது.

அதனால் வீட்டுக் கணக்கைப் பாருங்கள். கனடாவிலிருந்தோ சுவிஸிலிருந்தோ மகன் அனுப்புகிற காசும் இங்கே பெரும்பாலும் அமெரிக்க டொலர் வழியாகவே ரூபாயாகக் கணக்கிடப்படுகிறது, அதனால் டொலர் ஆடினால் கொஞ்சம் கூடும், குறையும். அதற்காக நகையை விற்கவோ அடைவு வைக்கவோ ஒரு தேவையும் இல்லை. கையில் இருக்கிற தங்கம் அப்படியே இருக்கட்டும். வீட்டுக்கு வருகிற காசு முழுவதும் ஒரே இடத்திலிருந்து வருகிறது என்றால், ஒரு மாடோ கோழியோ தையலோ சிறுபோகத்துக்குக் கொஞ்சம் பயறோ, சிறிதாக என்றாலும் இன்னொரு வருமானத்தைப் பாருங்கள். கிரிப்டோ என்கிற இணையக் காசு இலங்கையில் சட்டப்படியான நாணயம் இல்லை. ஆள் சேர்த்தால் காசு என்று சொல்கிற எந்தத் திட்டமும், டொலரின் பெயரில் வந்தாலும் யுவானின் பெயரில் வந்தாலும், வங்கிச் சட்டத்தின் 83சீ பிரிவின்படி குற்றம். வைப்பு எடுக்க அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியல் இலங்கை மத்திய வங்கியின் இணையத்தளத்தில் தமிழிலும் இருக்கிறது.

அப்படி யாராவது உங்களிடம் வந்திருந்தால், அவர் காட்டிய வீடியோவையும் தந்த துண்டையும் எடுத்துக்கொண்டு உங்கள் ஊர்ச் சங்கத்துக்கோ வங்கிக்கோ ஒருக்கால் போங்கள். நகை வீட்டிலேயே இருக்கட்டும்.