துணியில் தெரியும் கோடு காணியில் விழுந்தது

கடும் நீலச் சாயமிட்ட பின்னல் துணியைக் கொழும்பில் ஒரு பரிசோதனை மேசையில் விரித்தால், சிலவேளை மங்கலான குறுக்குக் கோடுகளும் வெள்ளைப் புள்ளிகளும் தெரியும். பழி முதலில் சாயப் பகுதியின் மேல்தான் விழும். பருத்தி விளைந்த மண்ணை யாரும் கேட்பதில்லை, கேட்க வேண்டும்.

இழையின் நுண்மையையும் முதிர்ச்சியையும் சேர்த்துக் காட்டும் அளவு மைக்ரோனேர். பஞ்சில் அது 3.5 முதல் 4.9 வரை இருந்தால் வழமையான தரம். அதற்குக் கீழே இறங்குவது பெரும்பாலும் இழை முற்றாததால். முற்றாத இழை சிக்கிச் சிறு முடிச்சாகும், சாயத்தையும் சரியாகப் பிடிக்காது. மைக்ரோனேர் வேறுபட்ட நூல்கள் ஒரே துணியில் பக்கம் பக்கமாக ஓடினால் கோடு விழும்.

பூ மலர்ந்து முதல் மூன்று வாரம் இழை நீளும். அடுத்த மூன்று நான்கு வாரம் அதன் சுவர் தடிக்கும். மணற்பாங்கான மேட்டில் இந்தக் காலத்தில்தான் ஈரமும் பொட்டாசியமும் போதாமல் போகும். இலை ஓரம் மஞ்சளாகிக் கருகும், காய் முற்றாமலே வெடிக்கும். அதே காணியின் பள்ளத்துக் களியில் தண்ணீர் தேங்கி மொட்டும் பிஞ்சும் கொட்டும். மேட்டுப் பஞ்சும் பள்ளத்துப் பஞ்சும் ஒரே சாக்கில் சேர்கின்றன.

ஆகவே முழுக் காணிக்கும் ஒரே மண் மாதிரி போதாது. நிறமோ சரிவோ மாறும் துண்டு ஒவ்வொன்றிலும் 10, 15 இடத்தில் 15 செ.மீ. ஆழத்துக்கு எடுத்துக் கலந்து, அரைக் கிலோவை நிழலில் உலர்த்தி மண் பரிசோதனைக்கு அனுப்புங்கள். வரம்பும் மரநிழலும் எருக்குவியல் கிடந்த இடமும் வேண்டாம். கையாலும் பார்க்கலாம்: ஈரமண்ணைப் பெருவிரலால் நாடாவாகத் தள்ளுங்கள். 5 செ.மீ. தாண்டியும் அறாவிட்டால் களி. நாடாவே வராவிட்டால் மணல்.

உலர்வலயச் செங்கபில மண் காய்ந்தால் இறுகிவிடும். விதைத்த மறுநாள் மழை பெய்து வெயில் எறித்தால் மேலே ஓடு கட்டும். 5 செ.மீ. ஆழத்தில் போட்ட விதை அந்த ஓட்டை உடைத்து வராது. 2, 3 செ.மீ. போதும். குழிக்கு இரண்டு மூன்று விதை போட்டால் சேர்ந்து முட்டி மேலே வரும், பிறகு ஒன்றை விட்டு மற்றவற்றைப் பிடுங்கிவிடலாம். முளைக்காத இடங்களைப் பத்து நாளுக்குள் நிரப்பிவிடுங்கள். ஒரு மாதம் கழித்து நிரப்பினால் ஒரே வரிசையில் இரு வேறு வயதுச் செடிகள் நிற்கும், பிந்திய செடியின் காய் முற்றாமலே கைக்கு வரும். நன்றாக முளைத்த காணியிலும் பஞ்சு கெடுவது பலமுறை இப்படித்தான்.

மன்னார் மாவட்டத்து முருங்கன் பக்கத்துக் கரிய களியில் செடி ஓங்கித் தழைக்கும், செடிக்குச் செடி இடைவெளி அகலமாக வேண்டும். நைதரசனைக் கூட்டாதீர்கள், காய் பிந்தும். ஆழமற்ற மணலில் குறுகிய வயது இனத்தை நெருக்கி நடலாம்.

பறிக்கும்போது துண்டுவாரியாகச் சாக்கில் அடையாளம் இடுங்கள். நுனிக்காய்களின் கடைசிப் பறிப்பை முதற்பறிப்போடு கலக்கவே வேண்டாம்.