சேர்விஸ் ஸ்டார்ட் ஆகவில்லையா? தயவுசெய்து அன்இன்ஸ்டோல் செய்யாதீர்கள்

"அண்ணா, எஸ்கியூஎல் சேர்விஸ் ஸ்டார்ட் ஆகுதில்லை. அன்இன்ஸ்டோல் பண்ணித் திரும்பப் போட்டும் பார்த்திட்டம்."

இதில் இரண்டாவது வசனம்தான் என் வயிற்றைக் கலக்குவது. முதல் வசனத்தோடு நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டிருந்தால் பெரும்பாலும் அது அரை மணித்தியால வேலை. இரண்டாவதும் சேர்ந்துவிட்டால் எப்போது முடியும் என்று யாருக்கும் சொல்ல முடியாது.

கொழும்பில் புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைப் பக்கத்துக் கடைகளுக்கும் சின்ன அலுவலகங்களுக்கும் சேர்வர் பார்த்துக் கொடுப்பது என் தொழில். சேர்வர் என்றதும் குளிரூட்டிய அறையை நினைக்கவேண்டாம். காசு வாங்கும் மேசைக்குக் கீழே, அரிசிச் சாக்குத் தூசியில் ஓடும் ஒரு சாதாரண கொம்பியூட்டர்தான். அதற்குள் பில்லிங் மென்பொருளின் தரவைச் சேமித்து வைக்கும் எஸ்கியூஎல் சேர்வர் எக்ஸ்பிரஸ் என்ற தரவுத்தளம், ஒரு சேர்விஸாக, அதாவது திரையில் தெரியாமல் பின்னணியில் இயங்கும் நிரலாக, சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். அது ஓடாத அன்றுதான் அப்படி ஒன்று இருப்பதே முதலாளிக்குத் தெரியவரும்.

அண்மையில் நாலாம் குறுக்குத் தெருவில் ஒரு மொத்த வியாபாரக் கடை. மாதக் கடைசி. காலையில் கொம்பியூட்டரைப் போட்டால் பில் போட முடியவில்லை. 'கொம்பியூட்டர் தெரிந்த' தம்பி ஒருவர் வந்து ஸ்டார்ட் பொத்தானை அழுத்தியிருக்கிறார். மறுபடி அழுத்தியிருக்கிறார். அப்புறம் டிஸ்க் நிறைந்திருப்பதைக் கண்டு, எது பெரிய கோப்பு என்று தேடி, எல்டிஎஃப் என்று முடியும் ஒன்றை "இது சும்மா பழைய பதிவுதானே" என்று அழித்துவிட்டார். அதோடு விடாமல் அன்இன்ஸ்டோல், இன்ஸ்டோல். புது எஸ்கியூஎல் சேர்வர் அழகாக ஓடியது. பழைய தரவை இணைக்கப் போனால் ஏற்க மறுத்துவிட்டது.

எல்டிஎஃப் என்பது பழைய பதிவு இல்லை. எந்த மாற்றம் முழுமையாக எழுதி முடிந்தது, எது பாதியில் நிற்கிறது என்று தரவுத்தளம் தெரிந்துகொள்வதே அதிலிருந்துதான். ஒழுங்காக மூடப்படாத தரவுத்தளத்தில் அந்தக் கோப்பை அழித்தால், மிச்சமிருக்கும் எம்டிஎஃப் என்ற தரவுக் கோப்பை வழமையான முறையில் இணைக்க முடியாது. கடைசியில் பழைய பேக்கப்பை ஏற்றி, அதற்குப் பிந்திய பில்களைக் காபன் பிரதிகளிலிருந்து கணக்குப்பிள்ளை ஒவ்வொன்றாகத் தட்டினார். மனுசன் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. அழித்தது நான் இல்லை ஐயா!

உண்மையான காரணம் என்ன? அதே கொம்பியூட்டரில்தான் சிசிடிவி பதிவுகளும் சேமிக்கப்பட்டன. சி டிரைவ் நிரம்பிவிட்டது. எஸ்கியூஎல் சேர்வர் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் டெம்ப்டிபி என்ற தற்காலிகத் தரவுத்தளத்தைப் புதிதாக உருவாக்கும். இடம் போதவில்லை, நின்றுவிட்டது. இதை நான் துப்பறிந்து கண்டுபிடிக்கவில்லை. எஸ்கியூஎல் சேர்வர் தன் நடப்புகளைப் பதியும் எரர்லொக் கோப்பில் அதுவே எழுதி வைத்திருந்தது: டெம்ப்டிபியை உருவாக்க முடியவில்லை, டிஸ்க்கில் இடம் போதாமல் இருக்கலாம், வேறு கோப்புகளை நீக்கி இடம் ஏற்படுத்திவிட்டு மறுபடி தொடங்கவும். இதற்கு மேல் ஒரு மென்பொருள் என்ன சொல்லும்? பழைய சிசிடிவி பதிவுகளை அழித்திருந்தால் பிளேன்டீ ஆறுவதற்குள் கடை ஓடியிருக்கும்.

திரும்ப இன்ஸ்டோல் செய்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். சில வேளை சரியாகிவிடுகிறது, அதுதான் சிக்கலே. புதிதாகப் போடும்போது சேர்விஸ் இயங்கும் கணக்கு பழைய இயல்புநிலைக்குப் போகும். ஃபோல்டர் அனுமதிகள் மறுபடி எழுதப்படும், காணாமல் போன கோப்பு திரும்ப வரும். இவற்றில் ஏதோ ஒன்று காரணமாக இருந்திருந்தால் நீங்கள் தப்பினீர்கள். எது காரணம் என்று உங்களுக்கும் தெரியாது, இனி யாருக்கும் தெரியாது, அடுத்த முறை அதே வியாதி வரும். டிஸ்க் நிறைந்திருந்தாலோ, தரவுக் கோப்பு பழுதாகியிருந்தாலோ ஆயிரம் முறை இன்ஸ்டோல் செய்தாலும் ஒன்றும் நடக்காது. அன்இன்ஸ்டோல் செய்தால் உங்கள் தரவுக் கோப்புகள் வழமையாக அப்படியே கிடக்கும், ஆனால் யார் யார் உள்நுழையலாம் என்ற விபரங்கள், அவற்றை வைத்திருக்கும் மாஸ்டர் என்ற எஸ்கியூஎல் சேர்வரின் சொந்தத் தரவுத்தளத்தோடு போய்விடும். அப்புறம் "தரவு இருக்கு, மென்பொருள் உள்ளே விடுதில்லை" என்று இன்னொரு அழைப்பு எனக்கு வரும்.

ஸ்டார்ட் பொத்தானை விடாமல் அழுத்துவதும் பாதிப்பில்லாத காரியம் இல்லை. எஸ்கியூஎல் சேர்வர் தொடங்க முயலும் ஒவ்வொரு முறையும் புதிய எரர்லொக் ஒன்றைத் திறக்கிறது. பழையவற்றில் வழமையாக 6 மட்டுமே வைத்திருக்கும். நீங்கள் ஆத்திரத்தில் அழுத்த அழுத்த, நேற்றுவரை நன்றாக ஓடியபோது எழுதப்பட்ட பதிவு வெளியே தள்ளப்பட்டுவிடும். எனக்கு மிக வேண்டியது அதுதான்.

இன்னொன்று, "கரண்ட் போனதாலதான்". 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடே இருளில் மூழ்கியது நினைவிருக்கும். மறுநாள் எனக்கு வந்த அழைப்புகளில் எல்லோரும் குரங்கைத் திட்டினார்கள். மின்வெட்டில் தரவு பழுதாவது உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அன்று பார்த்தவற்றில் பல, வாரக்கணக்கில் காத்திருந்த கோளாறுகள். சேர்விஸ் தன் பாஸ்வேர்டையும் அமைப்புகளையும் பெரும்பாலும் தொடங்கும்போதுதான் பார்க்கும். நடுவில் நீங்கள் எதை மாற்றினாலும் அதற்குத் தெரியாது, ஓடிக்கொண்டே இருக்கும். கொம்பியூட்டர் அணைந்து எழும்பும் அன்றுதான் மாட்டும்.

1069 என்ற எண்ணோடு வரும் பிழை இந்த வகை. அலுவலகத்தில் இருந்த பெடியன் தன் சொந்தப் பெயரில் சேர்விஸை ஓட விட்டிருப்பான். அவன் கட்டாருக்குப் போனதும் முதலாளி பாதுகாப்புக்காக அந்தப் பாஸ்வேர்டை மாற்றுவார். மாற்றியது சரியான வேலைதான். ஆனால் சேர்விஸுக்கும் புதியதைச் சொல்லவேண்டும் அல்லவா? சேர்விஸின் பண்புகளைத் திறந்து, லொக் ஓன் பகுதியில் புதிய பாஸ்வேர்டைக் கொடுத்தால் முடிந்தது. அதைவிட நல்லது, எந்த ஆளின் பெயரிலும் சேர்விஸை ஓட விடாமல் இருப்பது.

மற்ற எண்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1068 வந்தால் இந்தச் சேர்விஸைத் திட்டாதீர்கள், இது நம்பியிருக்கும் வேறொன்று எழும்பவில்லை, அதைப் பாருங்கள். 1053 என்றால் குறித்த நேரத்துக்குள் பதில் வரவில்லை என்று அர்த்தம். விண்டோஸ் வழமையாக 30 விநாடிதான் பொறுக்கும். பழைய ஹார்ட் டிஸ்க்கில், காலையில் எல்லாம் ஒன்றாக எழும்பும் நேரத்தில் இது சகஜம். ஐந்து நிமிடம் கழித்துக் கையால் தொடங்கினால் ஓடுகிறது என்றால், தாமதித்துத் தொடங்கும் வகைக்கு மாற்றிவிடுங்கள். கோப்பைக் காணவில்லை என்று வந்தால் முதலில் அன்டிவைரஸ் எதையாவது பிடித்து அடைத்து வைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

புதிதாக விண்டோஸ் 11 கொம்பியூட்டர் வாங்கி எஸ்கியூஎல் சேர்வர் போட முடியாமல் தவிப்பவர்களும் வருகிறார்கள். என்விஎம்இ எனப்படும் வேகமான புதுவகை டிஸ்க்குகளில் சில, தம் செக்டர் அளவை (டிஸ்க் தரவைப் பிரித்து வைக்கும் துண்டின் அளவை) 4 கேபிக்கு மேல் சொல்வதால் வரும் வினை அது. மைக்ரோசொஃப்டே இதற்கு, விண்டோஸின் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மாற்றம் சொல்லியிருக்கிறது. அதற்காகக் கடைக்காரனோடு சண்டை பிடிக்கவேண்டாம்.

லினக்ஸ் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் விபரமானவர்கள் என்று நினைத்தேன். அவர்களும் ரீஸ்டார்ட் கட்டளையைத்தான் மந்திரம் மாதிரி ஓதுகிறார்கள். அங்கே சேர்விஸ்களைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டி வழமையாக 10 விநாடிக்குள் 5 முறைக்கு மேல் தொடங்க விடாது, "மிக வேகமாகத் திரும்பத் திரும்பக் கேட்கிறாய்" என்று நிறுத்திவிடும். நீங்கள் அந்தச் செய்தியைப் படம் எடுத்து அனுப்புகிறீர்கள். அது காரணம் இல்லை, அதற்கு மேலே நாலு வரி தள்ளி இருப்பதுதான் காரணம். சிஸ்டம்டியின் பதிவேடான ஜர்னலில் மேலே போய்ப் படியுங்கள். இணையத்தளங்களை ஓட்டும் என்ஜினெக்ஸ், அப்பாச்சி இரண்டுமே தம் அமைப்புக் கோப்பைத் தாமே சரிபார்த்து, எந்த வரியில் பிழை என்று சொல்லும். போர்ட்டை (சேர்விஸ் இணைப்புகளை ஏற்கும் வாசல் எண்ணை) வேறொருவர் பிடித்திருக்கிறார் என்று சொன்னால் அவர் யார் என்று பாருங்கள், பல வேளை அது பாதியில் விட்ட உங்கள் பழைய சேர்விஸேதான்.

மாணவர்கள் இணையத்தளம் செய்து பழகும் ஸாம்ப் தொகுப்பில், மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளம் எழும்பாதபோது அதன் ஐபிடேட்டா1 கோப்பை அழிக்கச் சொல்லும் வீடியோக்களை நம்பவேண்டாம், உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். அதை அழித்தால் சேர்விஸ் ஓடக்கூடும். அட்டவணைகளின் பெயர்கள்கூடத் தெரியும், திறந்தால் அப்படி ஒன்று இல்லை என்று சொல்லும். பல்கலைக்கழக இறுதி ஆண்டுச் செயற்றிட்டத்தை இப்படி இழந்த பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன்.

சரி, நாளைக்குக் காலை உங்கள் சேர்விஸ் எழும்பவில்லை என்று வையுங்கள். ஒரு முறை தொடங்கிப் பாருங்கள், வந்த செய்தியை எண்ணோடு சேர்த்துப் போனில் படம் எடுங்கள். டிஸ்க்கில் எவ்வளவு இடம் மிச்சம் என்று பாருங்கள். விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரையும் எரர்லொக்கையும் திறந்து கடைசி வரிகளைப் படியுங்கள். ஆங்கிலம் விளங்காவிட்டால் அதையும் படம் எடுங்கள். எதையும் மாற்றமுன் டேட்டா ஃபோல்டரை முழுதாக வெளி டிஸ்க் ஒன்றுக்குப் பிரதி எடுங்கள், எழும்பாத சேர்விஸின் கோப்புகளைப் பிரதி எடுக்க இதைவிட வசதியான நேரம் கிடையாது. அப்புறம் கூப்பிடுங்கள்.

சிசிடிவிக்குத் தனி டிஸ்க் வாங்குங்கள். பேக்கப்பை அதே டிஸ்க்கில் வைத்துவிட்டு இருக்கிறது என்று சொல்லாதீர்கள். போயா (பௌர்ணமி) விடுமுறைக்கு முதல் நாள் மாலை, கடை பூட்டிய பிறகு, கொம்பியூட்டரை நீங்களே ஒரு முறை அணைத்துப் போட்டு, பில் ஒன்று போட்டுப் பாருங்கள். எழும்பாவிட்டால் அடுத்த நாள் முழுவதும் எனக்கு நேரம் இருக்கும், வாசலில் லொறியும் நிற்காது.